பாறைப்பட்டிக்கு வந்த கடற்கரை பேண்டு

உலகத்தில் சங்கீதத்தைச் சரியாகக் கேட்கத் தெரிந்த சீமை ஒன்றே ஒன்றுதான். அது மதுரைச் சீமை. கந்தர்வர்களுக்கே ராகத்தில் சந்தேகம் வந்தால் வைகைக் கரையில் இறங்கித்தான் தீர்த்துக்கொண்டு போவார்கள். இதைச் சொன்னவர்கள் அத்தனை பேரும் மதுரைக்காரர்கள் என்பது தற்செயல்தான். அவர்களில் பாதிப் பேர் கச்சேரியில் தூங்குகிறவர்கள் என்பதும் தற்செயல்தான்.

ஆனாலும் அந்தக் காலத்து மதுரையில் காதுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சித்திரை வீதியின் ஒரு முனையில் நாயனம் ஓய்வதற்குள் மறுமுனையில் பஜனை தொடங்கிவிடும். நாடகத்தில் ராஜா வேஷக்காரர் திரைக்குப் பின்னால் தொண்டையைச் செருமும்போதே முன்வரிசைச் சனம் அவர் பாடப்போகிற பாட்டைப் பாடி முடித்துவிடும். கிராமபோன் கடை வாசலில், பெட்டி வாங்குகிற உத்தேசம் ஏழு ஜென்மத்துக்கும் இல்லாதவர்கள் மணிக்கணக்காக நிற்பார்கள். கடைக்காரர் விரட்டமாட்டார். பாதிப் பாட்டில் தட்டை மாற்றினால் அவர்கள்தான் அவரை வைவார்கள்.

ஊருக்கு மேற்கே, கரிசல் தொடங்குகிற இடத்தில், பாறைப்பட்டியில் முத்திருளன் என்று ஒரு சம்சாரி இருந்தார். பருத்திக் காடும் இரண்டு ஜோடி மாடும் அதற்கு மேல் நிறைய அபிப்பிராயங்களும் உள்ளவர். அவருடைய ஒரே மகள் தங்கப்பொண்ணு. ஏற்கனவே இரண்டு சம்பந்தங்கள், வெற்றிலைத் தட்டில் கை வைக்கும் நேரத்தில், முத்திருளனின் அபிப்பிராயங்களைக் கேட்டுவிட்டு வாசலோடு திரும்பியிருந்தன. மூன்றாவதாகக் கூடிவந்தது திருப்பரங்குன்றத்துப் பக்கம் கருத்தக்கண்ணன் மகன் மருது. போன வருஷம் அழகர்கோவில் ஆடித் தேரில் தங்கப்பொண்ணு அவனைப் பார்த்திருந்தாள். பிடித்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நிச்சயம் முடிந்த கையோடு, வைகாசியில், முத்திருளன் பருத்தி விற்கத் தூத்துக்குடிக்குப் போனார். துணைக்கு மச்சினன் காளை.

தூத்துக்குடி அப்போது சாயங்காலமானால் காது நிறைகிற ஊர். மாதா கோவில் பக்கம் பித்தளைக் கொம்புகள் திருநாளுக்கு ஒத்திகை பார்க்கும். சிவன் கோவிலில் நாயனம். நடுவே கொட்டகையில் ஹார்மோனியம், தோணித் துறையில் மூட்டை இறக்குகிறவர்களின் ஏலேலோ. கடல்காற்று இவ்வளவையும் ஒன்றாகக் கலக்கி ஊர் முழுக்க இறைத்துவிடும். யாருடைய பாட்டு எங்கே முடிந்து யாருடைய பாட்டு எங்கே ஆரம்பித்தது என்று அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. சனிக்கிழமைகளில் கடற்கரையில் கொறைரா மாஸ்டரின் பேண்டு. முன்னால் துரைமார்களுக்கு நாற்காலி, பின்னால் பருத்திக் கமிஷன்காரர்களுக்குப் பெஞ்சு, மற்றவர்களுக்கு மணல். மணல்தான் உசத்தி, படுத்துக்கொண்டே கேட்கலாம்.

முத்திருளன் படுத்தார். காற்று அப்படி. கொறைரா மாஸ்டர் எதை எதை வாசித்தார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. திடீரென்று காலடிச் சத்தம் கேட்டுக் கண் விழித்தபோது, துரை, துரைசாணி, பெஞ்சுக்காரர்கள், மணல்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"மாப்ள, என்னடா எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க? மழையா?"

"மழை இல்ல மச்சான். இந்தப் பாட்டுக்குத்தான் எந்திரிக்கிறாங்க."

"துரையுமா?"

"துரைதான் மொதல்ல எந்திரிச்சாரு. தொப்பியக் கூடக் கழட்டிட்டாரு."

முத்திருளன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "உக்காந்திருக்கிற வெள்ளைக்காரன எந்திரிக்க வைக்குதுன்னா, அது எம்புட்டுப் பெரிய பாட்டா இருக்கணும். தங்கப்பொண்ணு தாலி கட்டுக்கு இதான்டா பாட்டு."

அது லண்டன் ராஜாவை நீடூழி வாழ்த்துகிற பாட்டு. எங்கே வாசித்தாலும் எழுந்து நின்றாக வேண்டும் என்பது சட்டம். கச்சேரி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்பதற்கு அடையாளமாகக் கொறைரா மாஸ்டர் அதைக் கடைசியில் வாசிப்பார். முத்திருளன் இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் வழக்கமில்லை.

மறுநாள் காலையில் மாஸ்டர் வீட்டு வாசலில் போய் நின்றார். மாஸ்டர் கொம்புக்குப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்துக் கடைசியா ஒண்ணு ஊதினீரே, அது வேணும். ஆவணியில எம் மக கல்யாணம்."

"அது சர்க்கார் பாட்டுல்லா அண்ணாச்சி. கல்யாணத்துக்கு வாசிக்கிறது இல்லை. நல்ல நல்ல பாட்டு இருக்கு, வாசிச்சுக் காட்டுதேன்."

"நல்ல பாட்டெல்லாம் எங்க ஊருலயே இருக்கு. எனக்கு அதான் வேணும்."

"வாசிச்சாலும் முடியுற நேரத்துலதான் வாசிக்கணும்."

"முடியுற நேரத்துல சனம் பந்திக்கு ஓடிரும். எவன் கேப்பான்? தாலி கட்டுறப்ப வாசியும்."

கொறைரா மாஸ்டர் யோசித்தார். கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில், கரிசல் காட்டுக்குள், அந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்க யார் இருக்கப்போகிறார்கள் என்று தோன்றியது. வெற்றிலையை வாங்கிக்கொண்டார்.

சம்மந்தி கருத்தக்கண்ணன் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. அவர் அந்த வருஷம்தான் கதருக்கு மாறியிருந்தார். கதர் அவருக்கு நன்றாகப் பொருந்தியது. கதர் உடுத்தாதவர்களைப் பார்க்கும் பார்வை அதைவிடப் பொருந்தியது. பேண்டு சங்கதி காதில் விழுந்ததும் வண்டி பூட்டிக்கொண்டு பாறைப்பட்டிக்கே வந்துவிட்டார்.

"நாயனக்காரங்களை வர வேணாம்னு சொல்லிட்டீகளாமே. கொட்டுமேளம் இல்லாம ஒரு கல்யாணமா?"

"கொட்டு இல்லாமலா? அவுக கொட்டு நம்ம தவிலு நாலு சேந்த தண்டி. ஒருத்தன் வயித்துல கட்டித் தூக்கிட்டு வாரான், நெறமாசக்காரி மாதிரி."

"சிவப்புக் கோட்டுப் போட்டிருப்பானாமே. சீமைத் துணி."

"கோட்டு வாசிக்காது சம்மந்தி. ஆளுதான் வாசிப்பான்."

கருத்தக்கண்ணன் சற்று நேரம் மீசையைத் தடவினார். தாலி கழுத்தில் ஏறுகிற நேரத்தில் தும்மலோ அழுகையோ அபசகுனமான பேச்சோ காதில் விழாதபடி கெட்டிமேளம் முழங்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர்.

"சரி, வாசிக்கட்டும். ஆனா ஒண்ணு. மூணாவது முடிச்சு விழுற வரைக்கும் சத்தம் நிக்கக் கூடாது. எங்க சித்தப்பன் வீட்ல பாதியில மேளம் நின்னு, அந்தப் பிள்ளை ஆறு மாசத்துல தாலியறுத்துட்டு வந்து உக்காந்துச்சு. நின்னுச்சுன்னு வைங்க, பொண்ணை மணையிலயே விட்டுட்டு வண்டியப் பூட்டிருவேன். அதுக்கப்புறம் எங்கிட்டப் பேச்சு வச்சுக்காதீக."

உள்ளேயிருந்து இதைக் கேட்ட தங்கப்பொண்ணு, அவர் வண்டி தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்து சொன்னாள்: "அய்யா, எனக்குப் பேண்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். இந்தத் தடவையாச்சும் நீ சும்மா இரு."

அம்மா ரெங்கம்மாளும் சொல்லிப் பார்த்தாள். சும்மா இருப்பது முத்திருளனுக்கு வராது. மறுநாளே வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழத்தோடு போய், அந்த வட்டாரத்துச் சப்-இன்ஸ்பெக்டரைக் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு வந்தார். துரையையே எழுப்புகிற பாட்டை ஒரு அதிகாரியாவது கேட்க வேண்டாமா?

ஆவணியில் கொறைரா மாஸ்டரும் ஆட்களும் மதுரையில் ரயில் இறங்கி, வைக்கோல் பரப்பிய வண்டிகளில் பாறைப்பட்டி வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு முதல் கொம்பு ஊதியதும் ஊர் நாய்கள் அத்தனையும் ஒரே குரலில் தங்கள் கட்சியை எடுத்துச் சொல்லின. கிழவிகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூட மறந்து கேட்டார்கள். பாதிப் பேர் கடலைப் பார்த்திராத ஊர் அது. பெரிய கொட்டு அதிர, அதன்மேல் கொம்புகள் ஏறி ஏறி இறங்க, அலை என்று சொல்வது இதைத்தான் போலிருக்கிறது என்று தோன்றியது. அன்று அந்தத் தெருவில் நின்றவர்களிடம் வெகுகாலம் கழித்துக் கேட்டாலும், எந்தப் பாட்டு என்று சொல்லத் தெரியாது. அது நெஞ்சுக்கூட்டில் எங்கே வந்து இடித்தது என்று கையை வைத்துக் காட்டுவார்கள்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். ஊரில் இருந்த ஒரே நாற்காலி மணமேடைக்குப் பக்கத்தில் அவருக்காகப் போடப்பட்டது. அவரைக் கண்டதும் கொறைரா மாஸ்டர் கொம்பைக் கீழே வைத்தார். முத்திருளனைத் தூணோரம் இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, போலீஸ் ஐயா வந்திருக்காவ. அந்தப் பாட்டு வேண்டாம். இதைவிடச் சத்தமா வேற வாசிக்கேன்."

"அவரு வந்ததே அதைக் கேக்கத்தான்யா."

"நான் சொல்லுததைக் கேளுங்க. அந்தப் பாட்டுக்கு அவிய எந்திரிச்சு..."

"எந்திரிக்கட்டுமே, அதுக்குத்தானே உம்மைக் கூட்டியாந்தது. மாஸ்டரே, மூணாவது முடிச்சு விழுமுன்ன நிப்பாட்டினீரு, அவுக பொண்ணை விட்டுட்டுப் போயிருவாக. எம் மக வாழ்க்கை உம்ம கொம்புலதான் இருக்கு."

கொறைரா மாஸ்டருக்கு நான்கு பெண்கள். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் அவருக்குள் இறங்கியது. எது வந்தாலும் நிறுத்துவதில்லை என்று முடிவு செய்துகொண்டார். கூடவே ஒரு தந்திரமும் செய்தார். கோவில் யானை நடப்பதுபோல் வாசிக்க வேண்டிய அந்தப் பாட்டை, ஜல்லிக்கட்டுக் காளை வாடிவாசலை விட்டு வருகிற வேகத்தில் வாசிக்கும்படி ஆட்களிடம் சொன்னார். அப்படி வாசித்தால் அந்த ராஜாவுக்கே அடையாளம் தெரியாது.

அந்தப் பக்கத்து வழக்கப்படி தாலி கட்டுவது மாப்பிள்ளை அல்ல, மாப்பிள்ளையின் அக்காள். மருதுவின் அக்காள் பாண்டியம்மாள் குள்ளமான மனுஷி. அந்தக் குறையைக் குரலில் ஈடுகட்டிக்கொண்டவள். மஞ்சள் கயிற்றைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, மணையில் உட்கார்ந்திருந்த தங்கப்பொண்ணுக்குப் பின்னால் வந்து நின்றாள். முத்திருளன் கையைத் தூக்கினார். பேண்டு வெடித்தது.

முதல் சுற்றில் ஒன்றும் நடக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் வெற்றிலை மென்றுகொண்டே பூட்ஸ் காலால் தாளம்கூடப் போட்டார். இரண்டாவது சுற்றில், தேள் கொட்டியவர் மாதிரி துள்ளி எழுந்தார். வாயில் இருந்த வெற்றிலையை முழுங்கினார். வலது கை நெற்றிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"எல்லாரும் எந்திரி. ராஜா பாட்டு. முடியிற வரைக்கும் எவனும் அசையக் கூடாது."

அந்த வட்டாரத்து ஆண்களில் பாதிப் பேர், குற்றப்பரம்பரைச் சட்டத்தின்படி, இரவானால் ஸ்டேஷனுக்குப் போய் விரல்ரேகை வைத்துவிட்டு அங்கேயே படுத்த காலம் அது. போலீஸ் சொல்லைத் தட்டுவது என்பது பேச்சுக்குக்கூடக் கிடையாது. பந்தல் மொத்தமும் எழுந்தது. மருது எழுந்தான். தங்கப்பொண்ணு எழுந்தாள். பாண்டியம்மாள் கையில் தாலியோடு அப்படியே நின்றாள்.

பாட்டு முடிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கையை இறக்கப் போனார். மறுபடி ஆரம்பித்தது. கை திரும்ப நெற்றிக்குப் போனது. முடிந்தது, ஆரம்பித்தது. தாலி ஏறாமல் மாஸ்டர் நிறுத்தமாட்டார். மாஸ்டர் நிறுத்தாமல் யாரும் அசையக் கூடாது. யாரும் அசையாமல் தாலி ஏறாது. சக்கரவர்த்திக்கு இவ்வளவு நீண்ட ஆயுளை அவருடைய சொந்த ஊரில்கூட யாரும் ஒரே மூச்சில் வேண்டியிருக்க மாட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டரின் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. கொம்பு ஊதுகிறவர்களின் கன்னம் பூசணிக்காயாகி, கண் பிதுங்கியது.

"சம்மந்தி," என்றார் முத்திருளன், உதடு அசையாமல். "ஒரு நொடி நிப்பாட்டிக்கிரட்டுமா? நீங்க சரின்னா நிப்பாட்டச் சொல்லிர்றேன்."

கருத்தக்கண்ணன் எதிரே இருந்த பந்தல்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மந்தி, ராகுகாலம் வரப்போகுது."

தங்கப்பொண்ணு தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் தண்ணீர் நின்றது. முத்திருளன் தன் வாழ்நாளில் முதல்தடவையாக எந்த அபிப்பிராயமும் இல்லாமல் நின்றார்.

பாண்டியம்மாள்தான் பேசினாள்.

"ஏன் எல்லாரும் அய்யனார் கோவில் குதிரை மாதிரி நிக்கிறீக?"

"அசையாதே," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ராஜாவுக்கு மரியாதை."

"எந்த ராசா?"

"லண்டன் ராஜா."

"அவருக்கு யாரு வெத்தலை வச்சது?"

பேண்டு மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது.

"எங்க பக்கத்துல வைக்கல," என்றாள் பாண்டியம்மாள். "ரெங்கம்மா மதினி, ஒங்க வீட்ல வச்சீகளா?"

"நாங்களும் வைக்கல மதினி," என்றாள் ரெங்கம்மாள். "கொழுந்தன் வீட்டுக்கே இவரு போகல. லண்டனுக்கு எங்கிட்டுப் போக?"

"அப்ப வராத ஆளுக்கு எதுக்கு எந்திரிச்சு நிக்கணும்? ஐயா, நீங்க உத்தியோகத்துல இருக்கீக, நில்லுங்க. எனக்கு வேலை இருக்கு."

தாலியைத் தூக்கினாள். எட்டவில்லை. உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கட்ட வந்தவள் அவள். நின்றால் தங்கப்பொண்ணு அவளைவிட ஒரு முழம் உயரம். பாண்டியம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தாள். சப்-இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்ததால் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. காலால் அதை இழுத்தாள். ஏறினாள்.

பெண்கள் பக்கத்தில் யாரோ குலவையைத் தொடங்கினார்கள். ஒரு நாக்கு, பத்து நாக்கு, பிறகு பந்தல் முழுக்க. நாற்றுநடவிலும் பொங்கலிலும் பழகிய குரல்கள். பித்தளைக் கொம்புகளின் மேல் அவை ஏறிக்கொண்டபோது கொறைரா மாஸ்டரே ஒரு தாளம் தவறவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே அவற்றோடு சேர்ந்துகொண்டார். மூன்றாவது முடிச்சு விழுந்தது. பேண்டு நின்றது. சப்-இன்ஸ்பெக்டரின் கை தானாகக் கீழே விழுந்தது. உட்காரலாம் என்று திரும்பினார். நாற்காலியின் மேல் பாண்டியம்மாள் நின்று மணமகளின் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வழக்கு எதுவும் ஆகவில்லை. என்ன என்று எழுதுவது? ராஜா பாட்டுக்கு எல்லாரும் எழுந்துதானே நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பந்தியில் தரையில் உட்கார்ந்து, வலது கையைத் தூக்க முடியாமல், மெதுவாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். கொறைரா மாஸ்டர் போகும்போது தங்கப்பொண்ணின் தலையில் கை வைத்து, "நல்லா இரும்மா" என்றார். முத்திருளன் வண்டி வரைக்கும் கூடப் போய், "மாஸ்டரே, பாட்டு பிரமாதம், கொஞ்சம் நீளம்" என்றார்.

அதற்குப் பிறகு பாறைப்பட்டியில் வெகுகாலம் வரைக்கும் அந்தப் பாட்டு உலவியது. கிணற்றில் கமலை ஓட்டித் தண்ணீர் இறைக்கிறவர்கள் அதைச் சீட்டியடித்தார்கள். களையெடுக்கும்போது பெண்கள் அதற்குத் தங்களுக்குத் தோன்றிய வார்த்தைகளைப் போட்டு, நடுவில் குலவையையும் சேர்த்துப் பாடினார்கள். தங்கப்பொண்ணு தன் பிள்ளைகளைத் தூங்கவைத்ததும் அதைப் பாடித்தான். லண்டனில் எந்த ராஜா மாறினார், எவர் முடி துறந்தார் என்பது அந்தப் பாட்டை ஒன்றும் செய்யவில்லை. வைகாசி மாதம் மேற்கே காற்று எழும்பினால், கடல் தெரியாத அந்தக் காட்டில், யாராவது ஒருத்தர் அதை முணுமுணுக்காமல் இருந்ததில்லை.

காங்கிரஸ் மந்திரிசபை வந்த வருஷம் திருப்பரங்குன்றத்தில் ஒரு பொதுக்கூட்டம். கருத்தக்கண்ணன் மேடையேறினார். அதற்குள் அவருக்குக் கதர்ச் சால்வையும் சேர்ந்திருந்தது. என் மகன் கல்யாணப் பந்தலில், போலீஸ் கண்ணெதிரில், ஏகாதிபத்தியத்தின் பாட்டுக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான் என்று அவர் சொன்னார். கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களும் தட்டினார்கள். அவரவர் ஊரில் அவரவரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நூல் மாலை போட்டார்கள். முத்திருளனும் வரிசையில் நின்று ஒன்று போட்டார்.

கருத்தக்கண்ணன் முதல் யுத்தத்தின்போது பஸ்ராவில் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டினவர். அங்கே அந்தப் பாட்டு தினமும் வாசிக்கப்பட்டது. ஆவணி மாதம் அந்தப் பந்தலில், அவ்வளவு வேகத்திலும் அதை அடையாளம் கண்டு, பட்டாளத்துக்காரராக விறைத்து, முதலில் எழுந்து நின்றவர் அவர். அவரைப் பார்த்த பிறகுதான் சப்-இன்ஸ்பெக்டருக்கு அது என்ன பாட்டு என்று தெரிந்தது.